எலினோர் ரூஸ்வெல்ட்

அன்னா எலினோர் ரூஸ்வெல்ட் (அக்டோபர் 11, 1884 – நவம்பர் 7, 1962) ஐக்கிய அமெரிக்காவின் 32ஆவது குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டின் மனைவியும் சமூக சீர்திருத்தவாதியும் எழுத்தாளரும் ஆவார். 1933 முதல் 1945 வரை நாட்டின் முதல் பெண்மணியாக விளங்கினார். பின்னர் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைகள் ஆணையத்திற்குத் தலைமை தாங்கினார். உலக மனித உரிமைகள் சாற்றுரையின் உருவாக்கத்தோடு இணைத்தே இவர் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். எனினும் இவரது பொதுவாழ்வில் மிகுந்த உழைப்பையும் மிகுந்த பழியையும் ஒருசேரத் தந்தது, அப்பலாச்சிய மலைப்பகுதியில் வேலையிழந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக எழுப்பப்பட்ட ஆர்தர்டேல் என்னும் சிற்றூர் ஆகும். அதனால் ஏழைகளின் வீடு, நிலம் ஆகியவற்றில் இவர் காட்டிய ஈடுபாட்டுக்கு இக்கட்டுரையில் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

இளமை

எலினோர் நியூயார்க் நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை எலியட் ரூஸ்வெல்ட், பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடோர் ரூஸ்வெல்ட்டின் தம்பி ஆவார். தாய் அன்னா ஹால் 1892இலும், குடிப்பழக்கத்தால் நலிவுற்றிருந்த தந்தை 1894இலும் இறந்தனர். பத்து வயது நிறைவதற்கு முன்பே பெற்றோர் இருவரையும் இழந்த எலினோர், தாய்வழிப் பாட்டியின் வீட்டில் வளர்ந்தார். 1899இல் இலண்டனுக்கு அருகிலிருந்த ஆலன்ஸ்வுட் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அதன் தலைமையாசிரியை மாரி சுவெஸ்த்ர் மாணவியரைத் தாமாகச் சிந்திக்கப் பழக்கியவர். அங்குக் கழித்த மூன்று ஆண்டுகளே தம்மை உருவாக்கியவை என்று எலினோர் கருதினார்.

1902இல் நாடு திரும்பிய பின், நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ரிவிங்டன் தெருவில் இருந்த குடியேற்ற மக்கள் நல இல்லத்தில் சிறுமியருக்கு நடனமும் உடற்பயிற்சியும் கற்பித்தார். காற்றும் வெளிச்சமும் புகாத, ஓரறையில் பலர் நெருங்கி வாழும் அடுக்குக் குடியிருப்புகளை அவர் முதன்முதலில் கண்டது அங்கேதான். ஒருநாள் நோயுற்ற மாணவி ஒருத்தியை வீட்டில் விட்டுவரச் சென்றபோது, தம்மை மணக்கவிருந்த பிராங்கிளினையும் உடன் அழைத்துச் சென்றார். மனிதர் இவ்வாறும் வாழக்கூடும் என்பதையே பிராங்கிளின் அதுவரை அறிந்திருக்கவில்லை. கணவருக்குக் கண்ணும் காதுமாக எலினோர் இருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவதுண்டு. அந்தப் பணி திருமணத்திற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

திருமணமும் பொதுவாழ்வும்

1905 மார்ச் 17 அன்று தம் தூரத்து உறவினரான பிராங்கிளினை மணந்தார். அப்போது குடியரசுத் தலைவராக இருந்த பெரியப்பா தியோடோர், தந்தையின் இடத்தில் நின்று மணமகளை ஒப்படைத்தார். ஆறு குழந்தைகள் பிறந்தனர். அவர்களுள் ஒருவர் கைக்குழந்தையாகவே இறந்தார். 1918இல் கணவருக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருந்தது தெரியவந்தது. திருமணம் முறியவில்லை, ஆயினும் அதன் பின்னர் எலினோர் தமக்கெனத் தனி வாழ்வையும் தனி நட்பு வட்டத்தையும் அமைத்துக்கொண்டார். 1921இல் பிராங்கிளின் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்தபோது, அவரது அரசியல் ஆலோசகர் லூயிஸ் ஹவ் எலினோரை மேடைப்பேச்சுக்கும் கட்சிப்பணிக்கும் பயிற்றுவித்தார். இந்த ஹவ் ஆர்தர்டேல் வரலாற்றில் மீண்டும் வருவார்.

1927இல் தோழியருடன் சேர்ந்து ஹைட் பார்க் ஊரில் வால்கில் என்னும் மரச்சாமான் பட்டறையைத் தொடங்கினார். உழவு வேலை குறைந்த காலத்தில் கிராம மக்களுக்கு ஒரு கைத்தொழில் இருந்தால், அவர்கள் ஊரை விட்டு நகரத்துக்குப் போக வேண்டியதில்லை என்பது இதன் அடிப்படைக் கருத்து. நாற்காலிகள் அழகாக இருந்தன, இலாபம்தான் வரவில்லை. நிலத்தையும் தொழிலையும் இணைக்கும் இதே எண்ணம் ஆறு ஆண்டுகளுக்குப் பின் மலைநாட்டில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது.

ஸ்காட்ஸ் ரன்

அப்பலாச்சிய மலைகள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வடக்கு தெற்காக நீண்டு கிடப்பவை. அவற்றின் நடுவே முழுவதும் அமைந்துள்ள மாநிலம் மேற்கு வர்ஜீனியா. அங்கு நிலத்தின் பெரும்பகுதியும் அதன் அடியிலுள்ள கனிம உரிமையும் நிலக்கரி, மரம், இருப்புப்பாதை நிறுவனங்களின் கையில் இருந்தன. தொழிலாளி குடியிருந்த வீடும் நிறுவனத்துடையதே. வாடகை கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. பொருள்களை நிறுவனக் கடையிலேயே வாங்க வேண்டியிருந்தது. வேலை போனால் வீடும் போய்விடும். வேலைநிறுத்தம் செய்தவர்களின் குடும்பங்கள் சட்டிபானைகளோடு தெருவில் விடப்பட்டன. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மலையும் காடுமாய் நிலம் விரிந்து கிடக்க, ஒரு குடும்பம் கூடாரம் அடிக்கச் சொந்த இடம் இல்லாத நிலை இதனால் உருவானது.

மோர்கன்டவுன் நகருக்கு அருகில், மனோங்காலியா கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவான ஓர் ஆட்சிப் பகுதி) உள்ள ஸ்காட்ஸ் ரன் ஓர் ஓடைப் பள்ளத்தாக்கு. முதல் உலகப் போர்க் காலத்தில் அங்குச் சுரங்கங்கள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. கிழக்கு, தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களும், தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவரும், உள்ளூர் வெள்ளையரும் அருகருகே வாழ்ந்தனர். 1920களின் நடுவில் நிலக்கரி விலை சரிந்தது. 1929க்குப் பின் வந்த பெருமந்தம் எஞ்சியதையும் அழித்தது. கழிவு கலந்த ஓடை நீரையே மக்கள் பயன்படுத்தினர்.

1933 ஆகஸ்டில், அரசின் நிவாரணப் பணிகளைப் பார்வையிட அனுப்பப்பட்ட செய்தியாளர் லொரீனா ஹிக்காக் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எலினோருக்குத் தெரிவித்தார். எலினோர் சில நாட்களிலேயே தாமே காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். குவேக்கர் சமயத்தினரின் அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு அங்குக் குழந்தைகளுக்கு உணவளித்தும், ஆண்களுக்கு மரவேலை பயிற்றுவித்தும் வந்தது. அதன் செயலாளர் கிளாரன்ஸ் பிக்கெட் இப்பணியில் எலினோருக்கு நெடுங்காலத் துணையானார்.

அங்கு ஒரு வீட்டில் கண்டதை எலினோர் பின்னர் தம் நூலில் எழுதினார். ஒரு சிறுவன் வெள்ளை முயல் ஒன்றை மார்போடு அணைத்தபடி நின்றான். அதை உண்ணப்போவதில்லை என்று தம்பி நம்புகிறான், ஆனால் உண்ணத்தான் போகிறோம் என்று அவன் அக்காள் சொல்ல, அவன் முயலோடு ஓடிவிட்டான். வெள்ளை மாளிகை விருந்தொன்றில் எலினோர் இதைக் கூறியபோது கேட்டுக்கொண்டிருந்த தூதர் வில்லியம் புல்லிட், முயல் உயிர் பிழைக்கட்டும் என்று 100 டாலர் காசோலை அனுப்பினார். நூறு டாலரால் ஒரு முயலைக் காப்பாற்றலாம். பள்ளத்தாக்கை என்ன செய்வது என்பதே எலினோர் முன் இருந்த கேள்வி.

ஆர்தர்டேல்

1933 ஜூனில் நிறைவேறிய தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தில், நகரங்களிலும் தொழில் மையங்களிலும் மிகுந்துவிட்ட மக்களை நிலத்தில் குடியமர்த்த 2.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டிருந்தது. உள்துறைச் செயலர் ஹரோல்ட் இக்கிசின் கீழ், வேளாண் பொருளியலாளர் எம். எல். வில்சன் தலைமையில் இதற்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு வீடும் சில ஏக்கர் நிலமும் தருவது. உணவைத் தாங்களே விளைவித்துக் கொள்வது. அருகில் அமையும் ஆலையில் பகுதி நேரம் உழைத்து ரொக்கம் ஈட்டுவது. அந்த ரொக்கத்தில் வீட்டின் விலையை நீண்ட காலத் தவணையில் அரசுக்குத் திருப்பிச் செலுத்துவது என்பது திட்டம். இலவச வீடு யாருக்கும் தரப்படவில்லை என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

இத்திட்டத்தின் முதல் ஊருக்காக, ஸ்காட்ஸ் ரன்னுக்குத் தென்கிழக்கே பிரஸ்டன் கவுண்டியில் ஆர்தர் என்பவருக்குச் சொந்தமான பெரும்பண்ணை வாங்கப்பட்டது. ஊருக்கு அவர் பெயரே நிலைத்தது. மனையொன்றுக்கு 2 முதல் 5 ஏக்கர் வரை நிலம் பிரிக்கப்பட்டது.

தொடக்கமே தடுமாற்றமாக அமைந்தது. குளிர்காலத்துக்கு முன், நன்றி நவிலல் நாளுக்குள் மக்களைக் குடியேற்றிவிட வேண்டும் என்று விரும்பிய லூயிஸ் ஹவ், ஆயத்த வீடுகள் ஐம்பதை அவசரமாக வாங்க ஏற்பாடு செய்தார். அவை கடலோரங்களில் கோடைக்காலத்தைக் கழிப்பதற்கென வடிவமைக்கப்பட்ட மெல்லிய பலகை வீடுகள். வந்து இறங்கிய பின்னரே, முன்கூட்டிப் போட்டு வைத்திருந்த அடித்தளங்களில் அவை பொருந்தா என்பதும், மலைநாட்டுப் பனியைத் தாங்கா என்பதும் தெரிந்தன. கட்டடக் கலைஞர் எரிக் குக்ளர் வரவழைக்கப்பட்டு, வீடுகள் ஏறக்குறைய மறுபடி கட்டப்பட்டன. நவம்பரில் குடியேற வேண்டியவர்கள் அடுத்த ஆண்டு கோடையில்தான் குடியேறினர். அடுத்த கட்டங்களில் உறுதியான மரவீடுகளும், உள்ளூர்க் கல்லால் கட்டிய வீடுகளும் எழுந்தன. மொத்தம் 165 வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன.

செலவு பற்றிப் பெரும் சர்ச்சை எழுந்தது. வீடொன்றுக்கு முதலில் சுமார் 2,000 டாலர் என்று பேசப்பட்டது. முடிவில் அது பல மடங்கானது. வீட்டுக்குள்ளேயே குளியலறையும் கழிவறையும், மின்சாரம், குளிர்பதனப் பெட்டி ஆகியவை வேண்டும் என்று எலினோர் வலியுறுத்தினார். அக்கம்பக்கத்து உழவர் வீடுகளிலேயே இவை இல்லாதபோது நிவாரணம் பெறுவோருக்கு எதற்கு என்று எதிர்ப்பாளர்கள் கேட்டனர். இக்கிசும் தம் நாட்குறிப்பில் எலினோரின் தலையீடு குறித்துக் குறைபட்டுக்கொண்டார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரே ஊரை நன்றாகக் கட்டிய பணத்தில் பல ஊர்களை எளிமையாகக் கட்டியிருக்கலாம் என்பது உண்மையே. ஏழைக்கு இது போதும் என்ற அளவுகோலை உடைக்க ஓர் ஊராவது தேவைப்பட்டது என்பதும் உண்மையே.

யாருக்கு வீடு?

வீடுகளைவிட விண்ணப்பங்கள் பன்மடங்கு வந்தன. உழவு பற்றிய அறிவு, குடும்ப நிலை, ஒழுக்கம் ஆகியவற்றை நீண்ட வினாப்பட்டியல் வழியாக ஆராய்ந்து குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மிகவும் நலிந்தோர் இதனாலேயே விலக்கப்பட்டனர். கறுப்பினத்தவரும் விண்ணப்பித்திருந்தனர், ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் பிறந்தோரும் ஒதுக்கப்பட்டனர். ஸ்காட்ஸ் ரன்னில் அருகருகே பட்டினி கிடந்த மூவகை மக்களுள் ஒரு வகையினருக்கு மட்டுமே ஆர்தர்டேல் கதவு திறந்தது.

எலினோர் இதை ஏற்கவில்லை. குடியேறிகளின் மன்றத்தில் மறுபரிசீலனை கோரினார். அவர்களோ வெள்ளையர் மட்டும் என்ற விதியையே விரும்பினர். கறுப்பினத்தவரைச் சேர்த்தால் மாநிலச் சட்டப்படி தனிப் பள்ளி கட்ட வேண்டும் என்பதும் காரணமாகக் காட்டப்பட்டது. அரசின் திட்டமாக இருந்தும், எலினோரின் செல்வாக்கு இருந்தும் அந்த விதி மாறவில்லை. இந்தத் தோல்வி அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. 1934 ஜனவரியில் வால்டர் வைட் உள்ளிட்ட கறுப்பினத் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, அரசுத் திட்டங்களில் நடக்கும் பாகுபாடு குறித்து நீண்ட நேரம் உரையாடினார். 1935இல் டிட்ராய்ட் நகரில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கான புரூஸ்டர் குடியிருப்புக் கட்டுமானத்தைத் தொடங்கி வைத்தார். நிற வேற்றுமைக்கு எதிரான எலினோரின் வெளிப்படையான செயல்பாடு ஆர்தர்டேல் அனுபவத்துக்குப் பின்னரே கூர்மை பெற்றது எனலாம்.

வீடு உண்டு, வேலை இல்லை

ஆர்தர்டேலின் உண்மையான சிக்கல் வேலைதான். அஞ்சலகங்களுக்கான மரச்சாமான்களும் பெட்டகங்களும் செய்யும் ஆலையை அரசே அங்கு நிறுவ எண்ணியது. 1934இல் நாடாளுமன்றத்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. இந்தியானா மாநில உறுப்பினர் லூயிஸ் லட்லோ எதிர்ப்பை முன்னின்று நடத்தினார். அத்தகைய பொருள்களைச் செய்யும் தனியார் நிறுவனம் அவரது தொகுதியில் இருந்தது. நிதி மறுக்கப்பட்டது. கேரி நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் வில்லியம் விர்ட், ஆர்தர்டேலைப் பொதுவுடைமைச் சூழ்ச்சி என்றே குற்றஞ்சாட்டினார்.

பின்னர் தூசி உறிஞ்சும் கருவிகளைப் பொருத்தும் ஆலை, சட்டைத் தையலகம், உழவு இயந்திர ஆலை என ஒன்றன்பின் ஒன்றாக முயற்சிகள் நடந்தன. எதுவும் நிலைக்கவில்லை, ஓர் ஆலை வந்தாலும் சிலருக்கே வேலை கிடைத்தது. ஸ்காட்ஸ் ரன்னில் வேலை போனதும் வீடு போயிற்று. ஆர்தர்டேலிலோ நல்ல வீட்டில் இருந்தபடியே வேலைக்குக் காத்திருக்க நேர்ந்தது. தோட்டமும் மாடும் கோழியும் வயிற்றை நிரப்பின. தவணைக்கும் உடைக்கும் மருந்துக்கும் ரொக்கம் வேண்டியிருந்தது. பலர் அரசின் நிவாரணப் பணிகளையே நம்பினர். மரச்சாமான், நெசவு, உலோகக் கைவினை ஆகியவற்றை மலைநாட்டுக் கைவினைஞர் கூட்டுறவு விற்றுத் தந்தது. அந்தப் பெருமந்தக் காலத்தில் தனி முதலாளிகளே ஆலைகளை மூடிக்கொண்டிருந்தபோது, சந்தைகளுக்குத் தொலைவான ஒரு மலைச்சிற்றூருக்கு யாரும் வர மறுத்ததில் வியப்பில்லை.

பள்ளி மட்டும் சில ஆண்டுகள் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. கல்வியாளர் ஜான் டூயியின் வழிவந்த எல்சி கிளாப் 1934 முதல் 1936 வரை அதை நடத்தினார். பாடநூலைவிட ஊரின் வாழ்வே பாடமாகக் கொள்ளப்பட்டது. செல்வந்தர் பெர்னார்ட் பாரூக் நிதியுதவி செய்தார்; எலினோர் தம் வானொலி உரைகளுக்குக் கிடைத்த ஊதியத்தை நண்பர்கள் சேவைக் குழுவின் வழியாக ஊர்ப் பணிகளுக்குத் தந்தார். ஆனால் பெற்றோர், தம் பிள்ளைகள் மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் போல வழக்கமான கல்வி பெறவே விரும்பினர். 1936இல் பள்ளி பொதுக்கல்வி அமைப்பில் சேர்ந்தது.

எலினோர் ஊருக்குப் பலமுறை வந்தார். பட்டமளிப்பு விழாக்களில் கலந்துகொண்டார். நாட்டுப்புற நடனங்களில் ஊர் மக்களோடு சேர்ந்து ஆடினார். 1938 மே மாதம் உயர்நிலைப் பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் குடியரசுத் தலைவரே உரையாற்றினார். ஊர் மக்கள் எதற்கெடுத்தாலும் வாஷிங்டனை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டனர் என்ற வருத்தமும் எலினோருக்கு இருந்தது. அவரது நேரடி அக்கறையே அதற்கு ஓரளவு காரணம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோதுதான் ஊருக்குப் போதிய வேலை கிடைத்தது. 1940களில் அரசு படிப்படியாக விலகி, 1947க்குள் வீடுகளையும் நிலத்தையும் விற்றது. குடியிருந்தோர் பலர் கட்டுமானச் செலவில் சிறு பங்கையே விலையாகக் கொடுத்து உரிமையாளர் ஆயினர். கணக்குப் புத்தகத்தில் இது பெரும் நட்டம். ஊரில் வளர்ந்த பிள்ளைகள் பலரோ, தங்கள் வாழ்வு திரும்பிய இடமாகவே அதை நினைவுகூர்ந்தனர்.

பிற வீட்டுவசதிப் பணிகள்

ஆர்தர்டேல் போன்ற குடியிருப்புகள் வேறு இடங்களிலும் எழுந்தன. அவற்றுள் இரண்டு எலினோரின் பெயரையே தாங்கின. மேற்கு வர்ஜீனியாவின் பட்னம் கவுண்டியில் அமைந்த ஊர் எலினோர் எனப்பட்டது. பென்சில்வேனியாவின் வெஸ்ட்மோர்லாந்து குடியிருப்பு, எலினோர், ரூஸ்வெல்ட் என்னும் இரு பெயர்களின் இறுதி அசைகளைச் சேர்த்து 1937இல் நோர்வெல்ட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

தலைநகர் வாஷிங்டனில் பெரிய மாளிகைகளின் பின்புறச் சந்துகளில் ஏழைகள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், வாழ்ந்த குடிசைகளையும் எலினோர் 1933இல் நேரில் பார்வையிட்டார். அவற்றை அகற்றி மாற்றுக் குடியிருப்பு அமைக்கும் சட்டத்திற்கு அவர் ஆதரவு திரட்டினார்; 1934இல் அது நிறைவேறியது. பொது வீட்டுவசதிக்கு நடுவணரசு உதவ வழிசெய்த 1937ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஆதரித்தார். 1935 முதல் 1962 வரை அவர் எழுதிய நாளிதழ்ப் பத்தியில் வீட்டுவசதி அடிக்கடி இடம்பெற்றது.

பிற்காலம்

1945 ஏப்ரலில் கணவர் இறந்த பின், குடியரசுத் தலைவர் ட்ரூமன் எலினோரை ஐக்கிய நாடுகள் அவைக்கான அமெரிக்கக் குழுவில் நியமித்தார். அவர் தலைமையில் உருவான உலக மனித உரிமைகள் சாற்றுரை 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஏற்கப்பட்டது. அதன் 25ஆவது உறுப்பு உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றோடு உறைவிடத்தையும் போதிய வாழ்க்கைத் தரத்துக்கான உரிமையில் சேர்த்தது. இவ்வுறுப்பு பலரது கருத்துகளால் உருவானது. ஆனால் அதை அவையில் ஏற்க வைத்த தலைவர், குடியிருப்போரின் பெயர்களையும் அறிந்திருந்த ஓர் ஊரை மனத்தில் வைத்திருந்தவர். 1952இல் இந்தியாவுக்கும் வந்து கிராம முன்னேற்றப் பணிகளைப் பார்வையிட்டார்.

ஆர்தர்டேலுக்குக் கடைசியாக 1960இல் வந்தார். 1962 நவம்பர் 7 அன்று, தம் 78ஆவது வயதில், நியூயார்க் நகரில் காலமானார். ஹைட் பார்க்கில் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

1984இல் ஆர்தர்டேல் தன் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடியது. அடுத்த ஆண்டு, ஊரின் பொதுக் கட்டடங்களைக் காக்க மக்களே ஓர் அறக்கட்டளையை நிறுவினர். 1989இல் ஊர் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பனியைத் தாங்கா என்று ஏளனம் செய்யப்பட்ட முதற்கட்ட வீடுகள் உட்பட, 165 வீடுகளில் பெரும்பாலானவை அப்போதும் குடியிருப்போருடன் நின்றன.